சொன்னார்கள், போய்ச் சேரவில்லை: யுனைடெட் 173 விபத்தும் வேலையிடத்தில் பேசும் திறனும்

வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரம் எதைப் பார்த்தாலும் கடைசி வரிகள் ஒரே மாதிரி இருக்கும். தெளிவாகப் பேசத் தெரிய வேண்டும், குழுவோடு ஒத்துழைக்க வேண்டும், நெருக்கடியில் நிதானம் வேண்டும். எல்லோரும் எழுதுகிறார்கள், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் அந்தத் திறன் வேலை நடக்கும்போது எப்படி இருக்கும், அது இல்லாவிட்டால் எந்த நிமிடத்தில் எது கெடும் என்று காட்டுபவர்கள் குறைவு. அதைக் காட்டக்கூடிய துறை ஒன்று உண்டு. விமானி அறையில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. விபத்து நடந்தால் அந்தப் பேச்சை நொடிக் கணக்கில் எழுத்தாக்கி, யார் எப்போது என்ன சொன்னார், யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்று ஆராய்கிறார்கள். வேறு எந்த அலுவலகத்திலும் கூட்டங்களை இப்படித் திருப்பிப் போட்டுப் பார்ப்பதில்லை.

அதனால்தான் 1978-ல் நடந்த ஒரு விமான விபத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இன்று உலகெங்கும் விமானிகளுக்குக் கட்டாயமாக இருக்கும் க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் என்ற, விமானக் குழு ஒன்றாகப் பேசி முடிவெடுக்கக் கற்றுத்தரும் பயிற்சிக்கு விதை போட்டவற்றில் இது முக்கியமானது. சுருக்கமாக சி.ஆர்.எம். என்பார்கள். மருத்துவமனைகளும் பின்னால் இதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டன.

போர்ட்லேண்ட், 28 டிசம்பர் 1978

யுனைடெட் ஏர்லைன்ஸின் 173-ஆம் எண் விமானம், நியூயார்க்கிலிருந்து டென்வர் வழியாக அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் போர்ட்லேண்டுக்குப் போனது. நான்கு இன்ஜின் டிசி-8. டென்வரிலிருந்து கிளம்பும்போது பயணிகளும் பணியாளர்களுமாக 189 பேர். டேங்கில் 46,700 பவுண்டு எரிபொருள். பயண நேரம் 2 மணி 26 நிமிடம். அதற்கு வேண்டியது போக, சட்டம் கேட்கும் 45 நிமிட இருப்பும், நிறுவனத்தின் கணக்குப்படி இன்னொரு 20 நிமிட இருப்பும் இருந்தன. கேப்டனுக்கு 27,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம். எரிபொருள், வானிலை, ஆள் எதிலும் குறையில்லை.

மாலை ஐந்து மணிக்குப் பிறகு போர்ட்லேண்டை நெருங்கி, சக்கரத்தை இறக்கினார்கள். வழக்கத்துக்கு மாறாக ஒரு பலத்த அதிர்வு, விமானம் ஒரு பக்கம் திரும்பி நேரானது. முன் சக்கரத்துக்கான பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. பிரதான சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டனவா என்பது தெரியவில்லை. பின்னால் தெரிந்த காரணம் இதுதான்: வலப்பக்கச் சக்கரத்தைத் தாங்கும் சிலிண்டரின் தண்டு துருப்பிடித்து அறுந்திருந்தது. சக்கரம் தடாலென்று விழுந்ததில் விளக்குக்கான சுவிட்சும் கெட்டது. சக்கரம் உண்மையில் கீழேதான் இருந்தது.

இதைச் சரிபார்க்க வழியும் இருந்தது. டிசி-8-இன் இறக்கை மேல் சிறு குறிகள் உண்டு. சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டால் அவை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். விமானி அறையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்து இன்ஜின், எரிபொருள் அளவுகளைக் கவனிக்கும் ஃப்ளைட் இன்ஜினியர் போய்ப் பார்த்தார். குறிகள் நீட்டிக்கொண்டுதான் இருந்தன. அப்படி இருந்தால் கேப்டன் தன் முடிவில் தரையிறங்கலாம் என்றுதான் நடைமுறையும் சொன்னது. கேப்டனுக்குத் திருப்தி வரவில்லை. சக்கரம் மடிந்தால் பயணிகளைப் பத்திரமாக வெளியேற்ற வேண்டுமே என்ற கவலை. விமானத்தை 5,000 அடியில் வட்டமிட வைத்து, பணியாளர்கள் பயணிகளைத் தயார் செய்யட்டும் என்று காத்திருந்தார். அந்த எண்ணத்தில் தவறில்லை. 181 பயணிகளின் உயிர் மேல் அக்கறை உள்ள மனிதர் அப்படித்தான் யோசிப்பார்.

5:40 வாக்கில் நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவோடு பேசும்போது, 7,000 பவுண்டு எரிபொருள் இருக்கிறது, இன்னும் 15, 20 நிமிடம் வட்டமிடப் போகிறோம் என்றார் கேப்டன். அந்த உயரத்தில் சக்கரத்தை இறக்கிவிட்டுப் பறக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 220 பவுண்டு தீர்ந்துகொண்டிருந்தது. ஏழாயிரத்தை 220-ஆல் வகுத்தால் 32 நிமிடம் கூட வராது. இந்தக் கணக்கை அந்த அறையில் யாரும் வாய்விட்டுப் போடவில்லை.

5:46-க்குத் துணை விமானி எவ்வளவு எரிபொருள் என்று கேட்டார். ஐயாயிரம் என்றார் ஃப்ளைட் இன்ஜினியர். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி அதே கேள்வி, அதே பதில். எரிபொருள் பம்புகளின் எச்சரிக்கை விளக்குகள் மினுக்கத் தொடங்கியது பற்றியும் பேச்சு வந்தது. 5:50-க்குக் கேப்டன், இன்னும் 15 நிமிடம் கழித்து இறங்கினால் விமானத்தின் எடை எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடச் சொன்னார்.

"பதினைந்து நிமிடமா?" என்றார் துணை விமானி.

ஆமாம், மூவாயிரம் நாலாயிரம் பவுண்டு எரிபொருள் மிஞ்சும் என்று வைத்துக்கொள் என்ற பொருளில் கேப்டன் சொன்னார்.

"போதாது. பதினைந்து நிமிடம் என்றால் எரிபொருள் ரொம்பக் குறைந்துவிடும்" என்றார் ஃப்ளைட் இன்ஜினியர்.

அந்த மாலையில் சொல்லப்பட்ட மிகத் தெளிவான எச்சரிக்கை இதுதான். அதன் பிறகு என்ன நடந்தது? திட்டம் மாறவில்லை. ஏழு நிமிடம் கழித்து, பயணிகள் பகுதியில் ஏற்பாடு எப்படிப் போகிறது என்று பார்த்துவர அதே ஃப்ளைட் இன்ஜினியரைக் கேப்டன் அனுப்பினார். எரிபொருளைக் கவனிக்க வேண்டிய ஆள் நாலு நிமிடம் காக்பிட்டிலேயே இல்லை. 6:02-க்கு, மூவாயிரம்தான் இருக்கிறது, அவ்வளவுதான் என்று அவர் மறுபடி சொன்னார். கேப்டன் சரி என்றுவிட்டு, தரையில் சக்கரம் மடிந்தால் பம்புகளை அணைப்பது பற்றிப் பேசினார்.

6:06 தாண்டி முதல் இன்ஜின் நின்றது. ஏன் என்று கேட்டார் கேப்டன். எரிபொருள் என்று பதில் வந்தது. 6:13-க்கு மற்றவையும் நின்றன. 6:15 வாக்கில் விமான நிலையத்துக்குச் சுமார் 6 கடல்மைல் தொலைவில், மரங்கள் அடர்ந்த புறநகர்ப் பகுதியில் விழுந்தது. டேங்க் காலியாக இருந்ததால் தீப்பிடிக்கவில்லை. 179 பேர் பிழைத்தார்கள், 10 பேர் இறந்தார்கள். போதாது என்று சொன்ன ஃப்ளைட் இன்ஜினியர் இறந்தவர்களில் ஒருவர். கேப்டன் பிழைத்தார்.

எது குறைந்தது?

இந்த வழக்கைச் சொல்லிக்கொடுக்கும் பலர், மேலதிகாரிக்குப் பயந்து கீழே உள்ளவர்கள் வாயைத் திறக்கவில்லை என்று முடித்துவிடுகிறார்கள். பதிவைப் பார்த்தால் அது சரியில்லை. வாயைத் திறந்தார்கள், பலமுறை. துணை விமானி தன் கேப்டனை நண்பனைக் கூப்பிடும் உரிமையோடுதான் கூப்பிட்டார். அறையில் கோபமில்லை, மிரட்டலில்லை. 'சார்' போடுவதை விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் இடைவெளி போய்விடும் என்று நம் ஊர் ஐ.டி. நிறுவனங்கள் நம்புகின்றன. போர்ட்லேண்ட் காக்பிட்டில் அந்த நெருக்கம் இருந்தது. பயன்படவில்லை.

அவர்கள் சொன்னதன் வடிவத்தைப் பாருங்கள். "ஐயாயிரம்" என்பது ஒரு தகவல். அதைக் கேட்கும் ஆள் வேறொரு கவலையில் மூழ்கியிருந்தால் அது வெறும் எண்ணாகக் காதில் விழுந்து போய்விடும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த செய்தி வேறு: ஆறு மணிக்குள் ரன்வேயைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் நின்றுவிடும். தகவலைச் செய்தியாக மாற்றும் வேலையைச் சொல்பவர் கேட்பவரிடம் விட்டுவிட்டார். கேட்பவருக்கு அதற்கு மனதில் இடமில்லை.

இதில்தான் இந்த வழக்கு சாதாரண வேலையிடத்துக்கு நேராகப் பொருந்துகிறது. ஒரு மென்பொருள் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு வெளியாக வேண்டும். புதன்கிழமை சோதனையாளர் ஒருவர் குழு அரட்டையில் "இன்னும் 40 டெஸ்ட் பாக்கி" என்று போடுகிறார். மேலாளர் கட்டைவிரல் குறி போடுகிறார். இருவருக்கும் வேலை முடிந்த திருப்தி. 40 டெஸ்டுக்கு மூன்று நாள் வேண்டும், நம்மிடம் இருப்பது இரண்டு, பணம் செலுத்தும் பகுதியைச் சோதிக்காமலே வெளியிடப் போகிறோம் என்பது எங்கும் எழுதப்படவில்லை. திங்கட்கிழமை பிரச்சினை வெடிக்கும்போது சோதனையாளர் தன் செய்தியை எடுத்துக் காட்டுவார், நான் அப்பவே சொன்னேனே என்று. சொன்னது உண்மை. ஆனால் சொல்லும்போது அவர் எதிர்பார்த்தது அடுத்தவர் கணக்குப் போட்டுக்கொள்வார் என்று.

சி.ஆர்.எம். வகுப்புகளில் இதற்குச் சொல்லித்தரும் முறை ரொம்ப எளிமையானது. முதலில் எதிராளியைப் பெயரிட்டுக் கூப்பிட்டு அவர் கவனத்தை வாங்கு. உனக்குக் கவலை இருக்கிறது என்பதைச் சொல். பிரச்சினை என்ன என்று எண்ணோடும் நேரத்தோடும் சொல். என்ன செய்யலாம் என்று நீயே ஒரு வழி சொல். கடைசியாக, சம்மதமா என்று கேட்டுப் பதில் வாங்கு. 5:50-க்குச் சொன்னதை இந்த அச்சில் போட்டால் எப்படி வரும்? "கேப்டன், எனக்கு எரிபொருள் பற்றிக் கவலையாக இருக்கிறது. ஆறேகாலுக்குள் எல்லா இன்ஜினும் நின்றுவிடும். இப்போதே ரன்வேக்குத் திரும்புவோம், கேபின் தயாராகாவிட்டாலும் பரவாயில்லை. திரும்பலாமா?" இதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. ஆனால் "திரும்பலாமா?" என்று கேட்டபின், கேட்டவர் சும்மா 'ம்' போட்டுவிட்டு நகர முடியாது.

மொழியியலாளர் ஷார்லட் லிண்டே 1980-களில் இத்தகைய காக்பிட் பதிவுகளை ஆராய்ந்து எழுதியவர். கீழ்நிலையில் இருப்பவர் தன் பேச்சை மேலே இருப்பவரைவிட அதிகமாக மென்மையாக்கிப் பேசுகிறார் என்றும், அப்படி மென்மையாக்கிச் சொன்ன யோசனைகள் எடுபடாமல் போவது அதிகம் என்றும் கண்டார். பணிவாகப் பேசுவதை நல்ல பண்பாக வளர்க்கப்பட்ட நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். பணிவை விட வேண்டியதில்லை. குரலிலும் விளிப்பிலும் எவ்வளவு பணிவு வேண்டுமானாலும் இருக்கட்டும். நேரம், எண், வேண்டுகோள் இந்த மூன்றில் மட்டும் மென்மை கூடாது. "கொஞ்சம் டைட்டா இருக்கும் சார்" என்பதும் "வியாழக்கிழமை மதியத்துக்குள் இன்னொரு ஆள் தராவிட்டால் வெள்ளிக்கிழமை முடியாது சார்" என்பதும் ஒரே அளவு பணிவுதான்.

கேப்டன் பக்கம்

1979 ஜூனில் வந்த விசாரணை அறிக்கையில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதல் பொறுப்பைக் கேப்டன் மேல் வைத்தது. எரிபொருள் நிலையைச் சரியாகக் கவனிக்கவில்லை, மற்ற இருவரும் சொன்னதற்கு உரிய பதில் நடவடிக்கை எடுக்கவில்லை, சக்கரக் கோளாறில் மனம் மூழ்கிப்போனது என்றது. மற்ற இருவரும் நிலைமையின் தீவிரத்தை முழுதாக உணரவில்லை அல்லது கவலையைக் கேப்டனுக்குப் புரியும்படி கொண்டுசேர்க்கவில்லை என்பதைத் துணைக் காரணமாகச் சேர்த்தது.

கேப்டனுக்குக் குறைந்தது அறிவோ அனுபவமோ அல்ல. தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டால் மற்றவை தெரியாமல் போவது மனித இயல்பு. 27,000 மணி நேர அனுபவம் அதைத் தடுக்காது. தடுக்கக்கூடியது வேலையைப் பிரித்துக் கொடுப்பது. சக்கரப் பிரச்சினையைத் துணை விமானி பார்க்கட்டும், எரிபொருளை மட்டும் இன்ஜினியர் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, இன்னும் எத்தனை நிமிடம் பறக்கலாம் என்று சொல்லட்டும், நான் முழுப் படத்தையும் பார்க்கிறேன் என்று கேப்டன் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் போதும். பவுண்டில் கேட்காமல் நிமிடத்தில் கேட்டிருந்தாலே பாதி ஆபத்து விலகியிருக்கும் என்பது என் எண்ணம். 'எத்தனை மணிக்கு, என்ன ஆனாலும், இறங்குகிறோம்?' என்ற கேள்விக்கு அந்த அறையில் யாரிடமும் ஒரே பதில் இல்லை.

வாரியத்தின் பரிந்துரையை நிறுத்திப் படிக்க வேண்டும். எல்லா விமான நிறுவனங்களும் விமானி அறை மேலாண்மையைக் கற்பிக்க வேண்டும் என்று சொன்னதோடு நிற்காமல், அதில் எதற்கு அழுத்தம் தர வேண்டும் என்றும் சொன்னது. கேப்டன்களுக்கு, மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுக்கும் முறை. மற்றவர்களுக்கு, தன் கருத்தை உறுதியாகச் சொல்லும் பயிற்சி. இரண்டும் சேர்ந்துதான் ஒரே பரிந்துரை.

பள்ளிப் பிள்ளைகளா நாங்கள்?

அதே 1979-ல் நாசா ஒரு பட்டறை நடத்தி, பல விபத்துகளில் இதே மாதிரிக் குறைகள் இருப்பதை விமான நிறுவனங்களுக்கு எடுத்துச் சொன்னது. 1981-ல் யுனைடெட் தன் விமானிகளுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. வரவேற்பு நன்றாக இல்லை. நளினம் கற்றுக்கொடுக்கும் பள்ளியா இது, எங்கள் குணத்தை மாற்றப் பார்க்கிறீர்களா என்று பல விமானிகள் கேட்டார்கள். இந்தத் துறையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த டெக்சாஸ் பல்கலைக்கழக உளவியலாளர் ராபர்ட் ஹெல்ம்ரைக் அந்த எதிர்ப்பைப் பதிவு செய்திருக்கிறார்.

விமானிகளின் கோபத்தில் நியாயமும் இருந்தது. முதல் தலைமுறைப் பயிற்சிகள் நிர்வாகிகளுக்கான மேலாண்மை வகுப்புகளிலிருந்து எடுத்தவை. நீ எந்த வகை ஆளுமை, உன் தலைமைப் பாணி என்ன என்று கட்டம் போட்டுப் பார்ப்பவை. காக்பிட்டில் நடக்கும் வேலையோடு அவற்றுக்குத் தொடர்பு குறைவு. நம் கல்லூரிகளில் இறுதியாண்டில் நடக்கும் மென்திறன் வகுப்புகளும் பல இடங்களில் அந்த முதல் தலைமுறையிலேயே நிற்கின்றன. ஆங்கிலத்தில் சுயஅறிமுகம், கைகுலுக்கும் விதம், குழு விவாதத்தில் முந்திக்கொண்டு பேசுவது. பிள்ளைகள் கட்டணம் கட்டிக் கற்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் தேவைப்படுவதோ, இந்தத் தேதியில் இது முடியாது என்று குழுத் தலைவரிடம் எப்படிச் சொல்வது என்பது. அதற்கு ஒரு மணி நேரப் பயிற்சி கூடக் கிடையாது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

விமானத்துறை பின்னால் பாதையை மாற்றிக்கொண்டது. ஆளுமையை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடிய நடத்தையைப் பிடித்துக்கொண்டது. பறப்பதற்கு முன் கேப்டன் குழுவிடம் திட்டத்தை விளக்கினாரா, சந்தேகம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டாரா, கேட்ட தகவலைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்தார்களா என்பவை. விமானிகளை முழுக் குழுவாக சிமுலேட்டரில் உட்கார வைத்து, கோளாறுகளைக் கொடுத்து, முடிந்ததும் பதிவைப் போட்டுக் காட்டிப் பேசினார்கள்.

சூ சிட்டி, 19 ஜூலை 1989

பத்து ஆண்டு கழித்து அதே நிறுவனத்தின் 232-ஆம் எண் விமானம் டென்வரிலிருந்து சிகாகோ போய்க்கொண்டிருந்தது. மூன்று இன்ஜின் டிசி-10, 296 பேர். 37,000 அடி உயரத்தில் வால்பகுதி இன்ஜினின் விசிறித் தட்டு உடைந்து சிதறியது. சிதறிய துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டன. விமானத்தைத் திருப்பவோ ஏற்றி இறக்கவோ எந்தக் கட்டுப்பாடும் இல்லை. இப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்காததால் அதற்கான நடைமுறையும் கையேட்டில் இல்லை.

கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் பின்னால் ஆற்றிய உரைகளில் வெளிப்படையாகச் சொன்னார்: அந்த அறையில் இருந்தவர்களுக்கு மொத்தம் 103 ஆண்டு பறந்த அனுபவம், ஆனால் இப்படிப்பட்ட விமானத்தை ஒரு நிமிடம் கூட யாரும் ஓட்டியதில்லை, அப்படியிருக்க மற்ற மூவரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று எப்படி நினைப்பேன்? மூவரா? ஆமாம், நான்காவது ஆள் ஒருவர் வந்து சேர்ந்தார். டிசி-10 பயிற்சியாளரான டென்னி ஃபிட்ச் அன்று பயணியாக வந்திருந்தார். உதவட்டுமா என்று பணிப்பெண் மூலம் கேட்டனுப்பினார். ஹெய்ன்ஸ் உடனே வரச் சொன்னார். இரு பக்க இன்ஜின்களின் விசையைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்ப முடியும் என்பதால் அந்த வேலையை முழுதாக ஃபிட்சிடம் கொடுத்தார். அவர் இருக்கைகளுக்கு நடுவே தரையில் மண்டியிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் விசைகளை இயக்கினார். இடையில் ஹெய்ன்ஸும் அவரும் தங்கள் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டது குரல்பதிவில் இருக்கிறது.

போர்ட்லேண்டில் கேப்டன் ஒரே கவலையில் மூழ்கினார். இங்கே கவலைகள் நான்கு தலைகளுக்குப் பங்கு வைக்கப்பட்டன. துணை விமானி கட்டுப்பாட்டுக் கருவியோடு போராடினார், ஃப்ளைட் இன்ஜினியர் பராமரிப்புப் பிரிவோடு பேசினார், ஃபிட்ச் விசையைப் பார்த்தார், ஹெய்ன்ஸ் எல்லாவற்றையும் பார்த்தார். 44 நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு சூ சிட்டி விமான நிலையத்தின் மூடிக் கிடந்த ரன்வே ஒன்றில் மிக அதிக வேகத்தில் மோதி இறங்கி உடைந்தது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். யாரும் பிழைத்திருக்க வாய்ப்பே இல்லாத நிலை அது.

ஹெய்ன்ஸ் அதிர்ஷ்டத்தையும் மறைக்கவில்லை. பகல் நேரம், நல்ல வானிலை, நிலையத்தில் தேசியக் காவல் படையினர் பணியில் இருந்தது எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆனால் சி.ஆர்.எம். பயிற்சி இல்லாமல் அங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டோம் என்றும் சொன்னார். விசாரணை வாரியமும் அந்தக் குழு வேலை செய்த விதத்தை அந்தப் பயிற்சியின் மதிப்புக்குச் சான்றாகக் குறிப்பிட்டது. அதே நிறுவனம், அதே மாதிரி மனிதர்கள். அவர்கள் பிறவியிலேயே பெருந்தன்மையானவர்கள் என்பதால் இப்படி நடக்கவில்லை, கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பாடம் எட்டாத இடங்கள்

ஆறு மாதம்தான் போனது. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஏவியாங்கா 52 எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். துணை விமானி எரிபொருள் தீர்கிறது என்று தரைக்கட்டுப்பாட்டிடம் சொல்லியிருந்தார். அவசரநிலை என்று அறிவிக்கவில்லை. நியூயார்க்கை நெருங்கும் எந்த விமானத்துக்கும் எரிபொருள் குறைந்துகொண்டுதானே இருக்கும் என்ற நிலையில் கேட்டவர்களுக்கு அதன் அவசரம் உறைக்கவில்லை. பின்னாளில், 2012-ல், பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் இதற்கென்றே வாசகங்கள் வந்தன. 'மினிமம் ஃப்யூயல்' என்றால் இனி தாமதம் தாங்காது. 'மேடே ஃப்யூயல்' என்றால் அவசரநிலை. வாசகம் முன்பே முடிவாகியிருந்தால், சொல்லத் தனியாகத் தைரியம் திரட்ட வேண்டியதில்லை. அலுவலகங்களிலும் 'சிவப்பு' என்று சொன்னால் எல்லா வேலையும் நின்று கவனிக்க வேண்டும் என்று ஒரு குழு முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், புதிதாகச் சேர்ந்த பிள்ளையும் அதைச் சொல்லிவிடும்.

மருத்துவமனைக்கு இந்தச் சிந்தனை போன கதை இரு முகம் கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு வரி. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-ல் ஆய்வு வந்தது. ஆனால் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகளில் அதை நடைமுறைப்படுத்திய பிறகு பார்த்த 2014 ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. காகிதத்தில் டிக் போடுவதும், நர்ஸ் நிறுத்தச் சொன்னால் சர்ஜன் உண்மையிலேயே நிறுத்துவதும் வேறு வேறு என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

மங்களூரு, 22 மே 2010

துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, மங்களூருவின் மேட்டு நில ரன்வேயில் நிற்காமல் ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி தூங்கியிருந்தார். எழுந்து இறங்கும்போது விமானம் இருக்க வேண்டியதைவிட அதிக உயரத்தில் இருந்தது. 8,000 அடி ரன்வேயில் ஏறக்குறைய 5,200 அடி தாண்டித்தான் தரையைத் தொட்டது.

இந்த வழக்கில் துணை விமானியின் பேச்சில் மழுப்பல் இல்லை. இறங்காதே, மேலே போ என்று பொருள்படும் 'கோ அரவுண்ட்' அழைப்பை மூன்று முறை கொடுத்தார். விமானத்தின் எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. கேப்டன் கேட்கவில்லை. அதையே நேரடிக் காரணமாக விசாரணை நீதிமன்றம் சொன்னது. அதோடு இன்னொன்றையும் துணைக் காரணங்களில் எழுதியது: துணை விமானியே இறங்குவதைக் கைவிட அதிகாரம் தரும் அறிவுறுத்தல்கள் குழப்பமாக இருந்ததால் போலும், அவர் திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கவில்லை.

போர்ட்லேண்டில் சொன்ன விதம் குறைபட்டது. மங்களூருவில் சொன்ன விதம் சரி, சொன்னவர் அதற்கு மேல் என்ன செய்யலாம் என்பது தெளிவாக இல்லை. அதனால் தகவல் தொடர்புத் திறன் என்று இளையவர்களை மட்டும் உட்கார வைத்து நடத்தும் பயிற்சிகள் பாதிப் பயிற்சிகள்தான். ஒரு நிறுவனம் இதை அக்கறையோடு செய்ய நினைத்தால், முதல் வகுப்பில் மேலாளர்கள் உட்கார வேண்டும். இந்தத் திட்டத்தை நிறுத்த யார் யாருக்கு உரிமை உண்டு, எத்தனை முறை சொல்லிக் கேட்காவிட்டால் நேரே யாரிடம் போகலாம், அப்படிப் போனவர் மேல் நடவடிக்கை வராது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அவர்கள் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். 1979 பரிந்துரையிலும் கேப்டனின் பங்குதான் முதலில் எழுதப்பட்டிருந்தது, மற்றவர்களுக்கான பயிற்சி அதற்குப் பிறகு.